பிற்கால மத்தியகால இங்கிலாந்தின் ஆட்சியில் 'தாழ்ந்த பிறப்பினர்': எழுச்சியும் அதன் எல்லைகளும்

1379ஆம் ஆண்டிலே இங்கிலாந்துப் பாராளுமன்றம் விதித்த தலைவரி, ஒவ்வொருவரும் தத்தம் சமூகத் தகுதிக்கேற்ப இறுக்க வேண்டிய தொகையைப் படிமுறையாக வகுத்துரைத்தது. உழுது வாழும் குடியானவன் தனக்கும் தன் மனைவிக்குமாக 4 பென்ஸ் செலுத்த வேண்டியவன். ஏர்ல் பட்டம் தாங்கிய பிரபு 4 பவுண் செலுத்த வேண்டியவர். ஆனால் அரச நீதிமன்றங்களின் நீதியரசர் ஒருவருக்கு விதிக்கப்பட்ட தொகையோ 5 பவுண். இலண்டன் நகர மேயர் ஏர்லுக்குச் சமமாகவும், உயர்நிலைச் சட்டவாளர்கள் பாரன்மாருக்குச் சமமாகவும் மதிப்பிடப்பட்டனர். பிறப்பே தகுதியை நிருணயிக்கும் என்று போதித்த ஒரு சமுதாயம், வரி அறவிடும் வேளையில், பட்டம் பெற்ற பிரபுவைவிடச் சட்டம் கற்ற உத்தியோகத்தன் கூடுதலாக இறுக்கக்கூடியவன் என்பதை எழுத்திலே ஒப்புக்கொண்டமை நோக்கற்பாலது. இந்நீதியரசர் பலர் பெருங்குடிப் பிறந்தோர் அல்லர். சிறு நிலவுடைமையாளரின் புதல்வர்களும் நகரத்து வணிகரின் புதல்வர்களும் அவர்களுள் இருந்தனர். அவர்கள் எவ்வாறு அவ்விடத்தை அடைந்தனர், அடைந்தபின் எவ்வாறு நடந்துகொண்டனர் என்பனவே இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படும் வினாக்களாகும்.

இவ்விடயம் பற்றி நம்மிடையே வழங்கிவரும் கருத்து ஒன்றுண்டு. பிரித்தானியர் ஆட்சிக் காலத்திலே எமது நாட்டுப் பாடசாலைகளில் இங்கிலாந்தின் வரலாறு ஒரு பாடமாகக் கற்பிக்கப்பட்டது. அக்கல்வியின் வழி வந்த கருத்தின்படி, 1485இல் ஏழாம் ஹென்றி முடிசூடியதோடு பழைய பிரபுக்களின் காலம் முடிவுற்றது. தியூடர் மன்னர்கள் நடுத்தர வகுப்பிலிருந்து 'புதிய மனிதரை'த் தெரிந்தெடுத்து நவீன அரசை நிறுவினர். ஏ. எவ். பொலார்ட் போன்ற வரலாற்றாசிரியர் இக்கருத்துக்கு அறிஞர் தகுதியை அளித்தனர். பின்னர் ஜே. எச். ஹெக்ஸ்ரர் இதனைக் கடுமையாக மறுத்துரைத்தார். அவரது மறுப்பின் எல்லா அம்சங்களையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. எனினும் ஒன்று தெளிவு. தாழ்ந்தோரை உயர்த்தி ஆளுதல் தியூடர் மன்னர் கண்டுபிடித்த உபாயமன்று. முதலாம் ஹென்றி மன்னன் புழுதியிலிருந்து மனிதரைத் தூக்கிப் பிரபுக்களுக்கு மேலாக வைத்தான் என்று ஓடரிக் விற்றாலிஸ் என்ற துறவி 12ஆம் நூற்றாண்டிலேயே குறைப்பட்டுக்கொண்டார். முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் அதே குறை ஏறத்தாழ அதே சொற்களில் ஒலித்தது. ஆகவே தாழ்ந்தோர் உயர்ந்தனரா என்று வினவுவதில் அதிகம் பயனில்லை. எந்த வழிகளால், எந்த நிபந்தனைகளோடு உயர்ந்தனர், அவர்களின் பிறப்பு எப்போது ஒரு குற்றமாக நினைவூட்டப்பட்டது என்று வினவுவதே பொருத்தமாகும்.

முதலிலே இதற்கான பொருளியற் சூழலைச் சுருக்கமாக நோக்குவோம். மத்தியகாலப் பிரபு வர்க்கம் வெளியிலிருந்து பார்ப்போருக்கு அசையாத கற்சுவராகத் தோன்றினும், உள்ளே ஓயாது உதிர்ந்துகொண்டிருந்தது. பாராளுமன்றத்துக்கு அழைப்புப் பெற்ற குடும்பங்களை கே. பி. மக்ஃபார்லேன் கணக்கிட்டு ஆராய்ந்தபோது, ஒவ்வொரு கால் நூற்றாண்டிலும் ஏறக்குறைய காற்பங்கு குடும்பங்கள் ஆண்வழி அற்றுப் போயின என்பது தெரியவந்தது. வெற்றிடங்கள் தொடர்ந்து ஏற்பட்டன. அவற்றை யாரேனும் நிரப்ப வேண்டியிருந்தது. அதே காலத்தில் பிரான்சுடனான நீண்ட போர் அரசனுக்குப் பணத்தை அவசியமாக்கிற்று. ஆட்டு உரோம ஏற்றுமதியும் அதன்மீதான சுங்கமும் அப்பணத்தின் பிரதான ஊற்றுக்கள். வரி, சுங்கம், நீதி, படைத் திரட்டல் அனைத்தும் எழுத்திலே நடைபெற்றமையால், எழுதவும் கணக்கு வைக்கவும் இலத்தீன் ஆவணங்களை வாசிக்கவும் வல்லோர் இன்றி ஆட்சி ஒரு நாளும் நடவாது. போர்த்தொழிலுக்கென வளர்க்கப்பட்ட பிரபுவின் மகனிடம் இத்தேர்ச்சியை எப்போதும் எதிர்பார்க்க முடியாது. அரசனுக்கு இன்னொரு வசதியும் இருந்தது. பூர்வீக நிலமும் சுற்றமும் படைபலமும் அற்றவன் தன்னை உயர்த்தியவனுக்கே முழுவதும் கட்டுப்பட்டவன். அவனை வீழ்த்துவதும் எளிது.

எழுத்தறிவின் பழைய இருப்பிடம் திருச்சபை. அதன் வழியே உயர்ந்தோருள் 1324இல் ஹம்ஷயரிலுள்ள விக்கம் என்ற ஊரிற் பிறந்த வில்லியம் சிறந்த உதாரணம். எளிய குடியானவக் குடும்பத்தில் தோன்றிய இவர், 1356இல் வின்ட்சர் கோட்டைக் கட்டட வேலைகளின் மேற்பார்வையாளராகி மூன்றாம் எட்வேட் மன்னனின் கண்ணிற் பட்டார். 1363இல் அந்தரங்க முத்திரைக் காவலர்; 1367இல் வின்செஸ்ரர் மேற்றிராணியார்; அதே ஆண்டில் நாட்டின் சான்சலர். இங்கிலாந்தின் மிகச் செல்வம் நிறைந்த மறைமாவட்டம் வின்செஸ்ரர் என்பதை நினைவிற் கொண்டால், அரசன் தன் பொக்கிசத்திலிருந்து ஒரு காசும் செலவிடாமல் தன் ஊழியனுக்குச் சம்பளம் அளித்த முறை விளங்கும். 1371இல் போர்ச் செலவால் வெறுப்புற்ற பாராளுமன்றம், உயர் பதவிகள் சமயத்தாரல்லாதோர் கையில் இருக்க வேண்டும் எனக் கோரியதும் வில்லியம் பதவி நீங்கினார். 1376இல் அவர்மீது குற்றங்கள் சுமத்தப்பட்டன, சொத்துக்கள் பறிக்கப்பட்டன, அடுத்த ஆண்டே மீளக் கொடுக்கப்பட்டன. 1389இல் மீண்டும் சான்சலரானார். அவர் 1379இல் ஒக்ஸ்போட்டில் நிறுவிய புதிய கல்லூரியும் 1382இல் வின்செஸ்ரரில் நிறுவிய பள்ளியும் வறிய மாணாக்கருக்கென ஏற்பட்டவை. ஆயின், நிறுவுநரின் உறவினருக்கு அங்கே முன்னுரிமை உண்டு என்ற விதியையும் அவரே எழுதிவைத்தார்.

திருச்சபையின் வழியில் ஒரு தடையும் இருந்தது. துறவு பூண்டவர் சட்டபூர்வமான வாரிசை விட்டுச் செல்ல முடியாது. குடும்பமாக உயர்வதற்கு வணிகமும் சட்டமும் தேவைப்பட்டன. வணிகத்தின் வழியை டி லா போல் குடும்பத்தின் கதை காட்டுமளவுக்கு வேறொன்றும் காட்டாது.

ஹல் துறைமுகத்து உரோம வணிகரான வில்லியம் டி லா போலின் தந்தை யாரென்பதே வரலாற்றாசிரியரிடையே முடிவு காணாத விடயம். அவரும் அவரது சகோதரர் ரிச்சட்டும் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அத்துறைமுகத்தின் முதன்மை வணிகராயினர். 1332இல் ஹல் நகரின் முதல் மேயரானார் வில்லியம். பிரான்சியப் போர் தொடங்கியதும் மூன்றாம் எட்வேட் இத்தாலிய வட்டிக் கடைகளையும் தாண்டி இவரிடம் வந்தான். 1338, 1339ஆம் ஆண்டுகளில் மட்டும் இவர் திரட்டிக் கொடுத்த கடன் ஒரு லட்சம் பவுணுக்கும் மேற்பட்டது. பதிலாக 1339இல் நைற் பட்டத்தின் உயர்படியும் திறைசேரி நீதிமன்றத்திலே ஓர் ஆசனமும் கிடைத்தன. அடுத்த ஆண்டு இறுதியில், போர்க்களத்தில் பணமின்றித் தவித்த மன்னன் கடுஞ்சினத்துடன் நாடு திரும்பியபோது, சிறையிலிடப்பட்டோருள் இவரும் ஒருவர். கடன் கொடுத்தவனைக் கடன் பெற்றவன் சிறையிலிடுவது மானிய முறைமையின் கீழ் முதலாளி ஒருவனுக்கு இருந்த பாதுகாப்பின் அளவை எமக்கு உணர்த்துகிறது. வில்லியம் பின்னர் விடுதலை பெற்று, 1366இல் செல்வந்தராகவே இறந்தார்.

அவரது மகன் மைக்கல் உரோமத்தை விட்டு வாளை எடுத்தார். கறுப்பு இளவரசரின் படையிலும் லங்காஸ்ரர் கோமகன் ஜோனின் படையிலும் பணியாற்றினார்; சஃபோக் பகுதியிலுள்ள விங்ஃபீல்ட் குடும்பத்து வாரிசான கதரினை மணந்து அங்கே நிலவுடைமையாளரானார். 1383இல் இரண்டாம் ரிச்சட் மன்னனின் சான்சலர். 1385இல் சஃபோக் ஏர்ல். இங்கிலாந்தில் வணிகன் ஒருவனின் மகன் ஏர்ல் ஆனமை அக்காலத்தார் கண்டிராத ஒன்று. மறு ஆண்டே, 1386இல், பொதுமக்கள் சபை இவர்மீது குற்றப்பிரேரணை கொண்டுவந்து பதவி நீக்கிற்று. 1388இன் 'இரக்கமற்ற பாராளுமன்றம்' இவரைத் துரோகியெனத் தீர்த்தது. அதற்கு முன்னரே தப்பியோடியிருந்த மைக்கல் 1389இல் பாரிசில் இறந்தார். போரைவிட வியாபாரமே இவருக்குப் பொருந்தும் என்று சென்ற் அல்பன்ஸ் மடத்து வரலாறெழுதிய வோல்சிங்கம் எள்ளினார்.

இவ்விடத்திற் சற்றே நிதானிக்க வேண்டும். 1388இல் தண்டிக்கப்பட்டோரின் பட்டியலை வோல்சிங்கத்தின் கண்ணால் மட்டும் பார்த்தால், பழைய பிரபுக்கள் புதியவரைக் களையெடுத்தனர் என்று தோன்றும். பிரதம நீதியரசர் ரொபட் திரெசிலியன் தூக்கிலிடப்பட்டார். இலண்டன் மேயராக இருந்த பலசரக்கு வணிகர் நிக்கலஸ் பிரம்பர் தூக்கிலிடப்பட்டார். அரசனின் ஆசிரியராக இருந்த நைற் சைமன் பேர்லி சிரச்சேதம் செய்யப்பட்டார். ஆனால் குற்றஞ்சாட்டப்பட்டோரின் முன்னணியில் நின்றவர் ரொபட் டி வியர். இவர் இங்கிலாந்தின் மிகப் பழைய ஏர்ல் குடும்பங்களுள் ஒன்றான ஒக்ஸ்போட் குடும்பத்தின் தலைவர். அவ்வாறாயின் பிறப்பு குற்றமன்று. அரசனின் கொடையை, அதாவது நிலங்களையும் காவலுரிமைகளையும் பதவிகளையும், யார் பங்கிடுவது என்பதே பிரச்சினை. பங்கீட்டிலே தோற்றவர் பழங்குடியினராயின் அவரது குணம் பழிக்கப்பட்டது. புதியவராயின் அவரது பாட்டன் நினைவூட்டப்பட்டான்.

இவ்வகையில் 'தாழ்ந்த பிறப்பு' என்பதை ஒரு சமூக உண்மையின் விவரணமாகவன்றி ஓர் அரசியல் ஆயுதமாகவே நாம் கொள்ளவேண்டியுள்ளது. பேர்கின் வோர்பெக் என்ற முடிகோரி 1496–97 காலப்பகுதியில் வெளியிட்ட பிரகடனம், ஏழாம் ஹென்றி உயர்குடியினரை ஒதுக்கி இழிகுலத்தாரை வைத்திருக்கிறான் என்று கூறி ரெஜினால்ட் பிரே, ரிச்சட் எம்ப்சன் முதலியோரைப் பெயர் சொல்லிப் பழித்தது. எம்ப்சன் சல்லடை முடைபவன் ஒருவனின் மகன் என்ற கதை பின்னர் எழுந்தது. 1622இல் வெளிவந்த பிரான்சிஸ் பேக்கனின் நூல் அதனை நிலைபெறச் செய்தது. ஆனால் எம்ப்சனின் தந்தை தம் ஊரிலே சொத்துடைய, மதிப்புடைய ஒருவர். எம்ப்சனோடு ஒரே நாளில், 1510 ஆகஸ்ட் 17இல், ஒரே மேடையிலே தலை வெட்டப்பட்ட எட்மண்ட் டட்லியோ ஒரு பாரனின் பேரன். எட்டாம் ஹென்றி தன் தந்தையின் வரிக்கொடுமைக்குப் பலியாடு தேடியபோது, ஒருவருக்குப் பாரனும் மற்றவருக்குச் சல்லடையும் முன்னோராக இருந்தமை எந்த வேறுபாட்டையும் உண்டாக்கவில்லை. சல்லடை மட்டுமே நினைவிற் பதிந்தது.

டி லா போல் குடும்பத்துக்கு மீள்வோம். மைக்கலின் வீழ்ச்சி குடும்பத்தின் வீழ்ச்சியாகவில்லை. பட்டம் மகனுக்கு மீண்டது. அம்மகன் 1415இல் ஆர்ஃபிளர் முற்றுகையில் நோயால் இறக்க, பேரன் அடுத்த மாதமே அஜின்கோட் களத்தில் வீழ்ந்தான். பிரபுக்கள் தம் இரத்தத்தால் உரிமை பெற்றதாகக் கூறும் போர்க்களத்தில் உரோம வணிகனின் சந்ததியும் இரத்தம் சிந்திவிட்டது. அடுத்துப் பட்டமேற்ற வில்லியம், ஆறாம் ஹென்றியின் ஆட்சியை ஏறக்குறைய முழுவதும் தன் கைக்குள் வைத்து, 1448இல் சஃபோக் கோமகனானார். அவரது மனைவி அலிஸ், கவிஞர் ஜெஃப்ரி சோசரின் பேர்த்தி. சோசர் இலண்டன் திராட்சைமது வணிகர் ஒருவரின் மகன் என்பதும், பிரபு இல்லத்து ஏவலாளாகத் தொடங்கி, 1374 முதல் இலண்டன் துறைமுகத்து உரோமச் சுங்கத்தின் கணக்குக் கட்டுப்பாட்டாளராக இருந்தவர் என்பதும் இலக்கிய மாணவர் அறிந்தவையே. அவர் மகன் தோமஸ் ஐந்து தடவை பொதுமக்கள் சபையின் சபாநாயகர். உரோமத்தை விற்றவரின் கொள்ளுப்பேரனும் உரோமத்துக்குச் சுங்கம் கணக்கிட்டவரின் பேர்த்தியும் கோமகனும் கோமகளுமாயினர்.

1450இல் நோர்மண்டி இழக்கப்பட்டதும் வில்லியம் குற்றப்பிரேரணைக்கு ஆளாகி நாடுகடத்தப்பட்டார். கடலிலே அவரது கப்பலை மறித்தோர் அவர் தலையை வெட்டிக் கரையில் எறிந்தனர். சில வாரங்களில் கென்ற் பகுதியில் ஜாக் கேட் தலைமையில் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அக்கிளர்ச்சியாளரின் கோரிக்கைகளில் முற்போக்கு வாசகரைத் திகைக்க வைக்கும் ஒன்று உண்டு. சஃபோக்கின் கூட்டத்தாரை அரசன் அகற்றி, அரச இரத்தம் உடைய யோர்க் முதலான உண்மையான பிரபுக்களைத் தன்னருகே வைத்துக்கொள்ள வேண்டும் என்று உழவரும் கைவினைஞரும் சிறு நிலக்காரரும் கேட்டனர். இதனை அறியாமை என்று ஒதுக்குதல் இலகு. ஆனால் வரி தண்டிய அதிகாரியும், சாட்சியை விலைக்கு வாங்கிய சட்டவாளனும், நிலத்தைப் பறித்த ஷெரிப்பும் நேற்றுத் தம் நடுவே இருந்து மேலே போனவர்களாக இருந்தபோது, அவர்களது எழுச்சியைத் தமது எழுச்சியாகக் காண அம்மக்களுக்குக் காரணமேதும் இருக்கவில்லை.

இதே உண்மையை 1381ஆம் ஆண்டின் பெருங்கிளர்ச்சி இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. 1348–49இன் கொள்ளைநோய் மக்கட்டொகையில் மூன்றிலொரு பங்கிற்கும் மேலாக அழித்தபின், உழைப்பாளரின் தொகை குறைய அவர்களது பேரம்பேசும் வலிமை கூடிற்று. அதனை அடக்க 1351இல் தொழிலாளர் சட்டம் கூலியைப் பழைய அளவிலே நிறுத்த முயன்றது. அச்சட்டத்தை நடைமுறைப்படுத்தியோர் மாவட்டங்களின் நிலவுடைமையாளரும் சட்டவாளருமே. 1379இல் தகுதிக்கேற்ப விதிக்கப்பட்ட வரி எதிர்பார்த்த பணத்தைத் தராது போகவே, அடுத்த ஆண்டு எல்லார் தலைக்கும் 12 பென்ஸ் என்று விதித்தனர். கிளர்ச்சி வெடித்தபோது பண்ணை ஆவணங்கள் தீயிலிடப்பட்டன, சட்டவாளர் வேட்டையாடப்பட்டனர், தொழிலாளர் சட்டத்தை நடைமுறைப்படுத்திய பிரதம நீதியரசர் ஜோன் கவெண்டிஷ் கொல்லப்பட்டார். இலண்டன் கோபுரக் குன்றில் தலை வெட்டப்பட்ட சான்சலரும் கந்தர்பரி அதிமேற்றிராணியாருமான சைமன் சட்பரி, சஃபோக் பகுதிச் சிறு நகரொன்றின் நகரவாசி ஒருவரின் மகனே. பண்ணையடிமைகளுக்கு மன்னன் அளித்த விடுதலைப் பத்திரங்கள் சில வாரங்களில் இரத்தாகின. அவ்வாண்டு இறுதியிற் கூடிய பாராளுமன்றத்தில் அந்த இரத்தை உறுதிசெய்தோருள் பொதுமக்கள் சபையினரும் இருந்தனர். தமது சம்மதமின்றித் தமது பண்ணையடிமைகளை எவரும் விடுவிக்க முடியாது என்பதே அவர்கள் நிலைப்பாடு. 'பொதுமக்கள்' என்ற சொல் எவரைக் குறித்தது, எவரைக் குறிக்கவில்லை என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. பண்ணையடிமைகள் ஒரு கூட்டமாகத் தமக்கே விடுதலை தேடிய இவ்வியக்கத்தை ரொட்னி ஹில்ரன் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

இதன்பின் வந்த அரை நூற்றாண்டின் சட்டங்களையும் மனுக்களையும் வரிசையாகப் படிப்பவர், ஏணியில் ஏறியோர் அதனை மேலிருந்து இழுத்துக்கொண்ட காட்சியைக் காண்பார். 1391இல் பொதுமக்கள் சபை, பண்ணையடிமைகள் தம் பிள்ளைகளைக் கல்வியால் உயர்த்தும் நோக்குடன் பள்ளிக்கு அனுப்புவதைத் தடைசெய்யுமாறு மன்னனுக்கு மனுச் செய்தது. மன்னன் இணங்கவில்லை. 1406இன் சட்டம், ஆண்டுக்கு 20 சிலிங் வருமானம் தரும் நிலமற்றோர் தம் பிள்ளைகளை நகரத்துத் தொழிற்பயிற்சிக்கு விடலாகாது என்றது. அதே சட்டம் எவரும் தம் மகனையோ மகளையோ பள்ளிக்கு அனுப்பலாம் என்றும் கூறியமை குறிப்பிடத்தக்கது. ஆலையிலும் வயலிலும் கைகள் வேண்டும் என்ற தேவையும், எழுத்தாளர் வேண்டும் என்ற தேவையும் ஒரே பத்திரத்தில் மோதிக்கொள்கின்றன. 1413இல், வழக்கு ஆவணங்களிலே ஒவ்வொருவரது தகுதியும் தொழிலும் பெயருடன் எழுதப்பட வேண்டும் என விதிக்கப்பட்டது. 'கனவான்' என்ற அடைமொழி ஆவணங்களிற் பரவலாயிற்று. 1429இல் கூடிய பாராளுமன்றம், ஆண்டுக்கு 40 சிலிங் பெறுமதியுள்ள சுயாதீன நிலம் உடையோர்க்கே மாவட்டங்களில் வாக்குரிமை என வரையறுத்தது. 1445இன் சட்டமோ, யோமன் எனப்பட்ட வசதியான உழவர் மாவட்டப் பிரதிநிதிகளாகத் தெரிவுசெய்யப்படலாகாது என்றது. தடைகள் பெருகியமை, அவற்றைத் தாண்டுவோர் பெருகியமைக்குச் சான்றென்றும் ஒருவர் வாதிக்கலாம். அது உண்மையே. ஆனால் தடைகளைக் கட்டியவர் கைகளையும் நாம் பார்க்க வேண்டும்.

அக்கைகளை அருகிருந்து பார்க்க உதவுவன பாஸ்ரன் குடும்பத்தின் கடிதங்கள். நோஃபோக்கின் கடலோரத்திலே பாஸ்ரன் என்ற ஊரில் கிளமென்ற் பாஸ்ரன் என்ற உழவர் வாழ்ந்தார். பகைவர் எழுதிவைத்த ஒரு குறிப்பின்படி, அவருக்கு நூறு அல்லது நூற்றிருபது ஏக்கர் நிலம் இருந்தது. தானியத்தைக் குதிரையின் வெறும் முதுகில் இட்டு அதன்மேல் தாமே அமர்ந்து ஆலைக்குச் செல்வார். மனைவி பியற்றிஸ் பண்ணையடிமைக் குலத்தாள். மகன் வில்லியமைப் பள்ளிக்கு அனுப்பக் கடன் வாங்கினார். சட்டத்தொழிலில் இருந்த மைத்துனர் உதவினார். கிளமென்ற் 1419இல் இறந்தார். பத்தாண்டுகளில், 1429இல், மகன் வில்லியம் பொது வழக்கு நீதிமன்றத்தின் நீதியரசர். அவர் நிலங்களை வாங்கிக் குவித்து, மகன் ஜோனுக்கு நிலவுடைமைக் குடும்பமொன்றின் வாரிசான மாகரெற்றை மணமுடித்து வைத்து, 1444இற் கண்மூடினார்.

நீதியரசர் கண்மூடியதும் வாங்கிய நிலங்களின் உரிமைகள் கேள்விக்குள்ளாயின. 1448இல் கிரஷாம் பண்ணையை மொலின்ஸ் பிரபு கைப்பற்றினார். அவ்வாண்டிலே மாகரெற் இலண்டனிலிருந்த கணவனுக்கு எழுதிய கடிதமொன்றில் வில் இயந்திரங்களும் அம்புகளும் அனுப்புமாறு கேட்டபின், வாதுமைப் பருப்பும் சீனியும் வாங்கிவரச் சொல்கிறார். 1459இல், போரிற் பெருஞ்செல்வம் ஈட்டிய சேர் ஜோன் ஃபாஸ்ரொல்ஃப் வாரிசின்றி இறந்தபோது, கேய்ஸ்ரர் கோட்டை உட்பட அவரது சொத்து முழுவதும் தமக்கே வாய்மொழியாக எழுதப்பட்டதென்று ஜோன் பாஸ்ரன் உரிமை கோரினார். நோஃபோக் கோமகனும் சஃபோக் கோமகனும் அதனை மறுத்தனர். சஃபோக் கோமகன் வேறு யாருமல்லர். கடலிலே தலை இழந்தவரின் மகன், அலிஸ் சோசரின் மகன், ஹல் நகர வணிகரின் வழித்தோன்றல். 1465இல் இவரது ஆட்கள் ஹெல்ஸ்டனிலிருந்த பாஸ்ரன் மாளிகையைச் சூறையாடி இடித்தனர். பண்ணையடிமைக் குலத்தோர் நிலம் வைத்திருக்க உரிமையற்றோர் என்ற குற்றச்சாட்டு பாஸ்ரன்கள்மீது கிளப்பப்பட்டதும் இக்காலத்திலேதான். இது வெறும் வசையன்று. பண்ணையடிமையின் சொத்து சட்டப்படி அவன் பண்ணையுடையவனுக்கு உரியது ஆகையால், ஒரு குடும்பத்தின் முழு உடைமையையும் அழிக்கவல்ல வாதம். ஜோன் மூன்று தடவை ஃபிளீற் சிறையைக் கண்டு 1466 மே மாதம் இறந்தார். அவர் இறந்த சில வாரங்களில் நான்காம் எட்வேட் மன்னன், பாஸ்ரன்கள் நோர்மானியர் வெற்றிக் காலந்தொட்டே கனவான்கள் எனவும், அவர்களிடமே பண்ணையடிமைகள் இருந்தனர் எனவும் அறிவித்தான். அதற்கு அடிப்படையாகக் காட்டப்பட்ட வம்சாவளி வரலாற்றாசிரியர் எவரையும் நம்பவைப்பதன்று.

இக்குடும்பத்தார் பிறரின் பிறப்புப் பற்றிப் பேசப்பட்டதைக் கேட்ட செய்தியும் கடிதங்களில் உண்டு. 1460 சனவரியில் கலேயில் ரிவர்ஸ் பிரபு கைதியாகக் கொண்டுவரப்பட்டபோது, சோல்ஸ்பரி, வோரிக் ஏர்ல்களும் பின்னர் நான்காம் எட்வேட்டாகப் போகும் இளைஞரும் அவரை ஏசினர்: தகப்பன் வெறும் எஸ்குவயர், மகன் திருமணத்தால் ஆனவன், அரச இரத்தத்தாரோடு அவன் பேசலாகாது. இதனை ஊருக்கு எழுதி அனுப்பியவர் கிளமென்றின் பேரன் இன்னொரு வில்லியம் பாஸ்ரன். ஏசியவர் இருவரின் ஏர்ல் பட்டங்களும் அவர்கள் மனைவியர் வழி வந்தவை. நான்கு ஆண்டுகளில் எட்வேட் அந்த ரிவர்ஸின் மகளையே மணந்து அரசியாக்கினான்.

1487இல் ஸ்ரோக் போர்க்களத்தில் இவ்விரு வணிக, உழவக் குடும்பங்களின் வழியினரும் எதிரெதிரே நின்றனர். லிங்கன் ஏர்ல் ஜோன் டி லா போல், மூன்றாம் ரிச்சட்டின் சகோதரி மகன் என்ற முறையில் முடிக்கே அண்மையில் நின்றவர், அங்கே கொல்லப்பட்டார். கிளமென்றின் கொள்ளுப்பேரன் மற்றொரு ஜோன் பாஸ்ரன், மன்னனின் பக்கத்தில் நின்று அக்களத்திலேயே நைற் ஆக்கப்பட்டார்.

அந்த ஜோன் இளைஞராக இருந்தபோது எழுதிய கடிதம் ஒன்றைக் குறிப்பிட்டு நிறுத்துவோம். குடும்பத்தின் காரியத்தர் ரிச்சட் கால், பண்ணைகளின் கணக்கும் வாரமும் வழக்கும் பார்த்தவர். அவரது உறவினர் ஃபிரம்லிங்கத்திலே கடை வைத்திருந்தனர். 1469இல் குடும்பத்து மகள் மாஜரி, தான் அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டதாக அறிவித்தாள். அவள் ஃபிரம்லிங்கத்தில் மெழுகுதிரியும் கடுகும் விற்கத் தாம் ஒருபோதும் சம்மதியேன் என்று தமையன் ஜோன் எழுதினார். நோர்விச் மேற்றிராணியார் அவளை அழைத்து விசாரித்தார். கூறிய சொற்கள் திருமணத்தைக் கட்டுவதற்குப் போதா எனில், போதுமானவாறு இப்போதே கூறுகிறேன் என்று அவள் பதிலளித்தாள். தாய் மாகரெற் வீட்டுக் கதவைச் சாத்தினார். அதே வாரங்களில் நோஃபோக் கோமகனின் படை கேய்ஸ்ரர் கோட்டையைச் சூழ்ந்திருந்தது. திருமணம் சட்டப்படி செல்லுபடியாயிற்று. ரிச்சட் கால் பாஸ்ரன் பண்ணைகளின் காரியம் பார்ப்பதும் தொடர்ந்தது, ஏனெனில் அவரளவு அக்கணக்குகளை அறிந்தவர் வேறிலர். 1482இல் மாகரெற் எழுதிய மரணசாசனத்தில் மாஜரியின் மூத்த மகன் ஜோன் கால் 24 வயதை அடையும்போது 20 பவுண் கொடுக்கப்பட வேண்டும் என்று ஒரு வரி உண்டு.